கையால் பின்னக் கற்றுத் தருகிறேன், இரண்டு நாள் திருப்பூர் வருகிறேன்: எதைப் பார்ப்பது, யாரைப் பார்ப்பது?

குன்னூர் டீச்சர்:

வணக்கம். குன்னூரில் பதினாறு வருடமாகக் கம்பளிப் பின்னல் கற்றுத் தருகிறேன். செவ்வாயும் வியாழனும் மதியம் என் வீட்டு முன்னறைதான் வகுப்பு. இப்போது பதினொரு பேர் வருகிறார்கள். ஏழு பேர் தேயிலைத் தோட்டத்து வீடுகளைச் சேர்ந்தவர்கள், இருவர் ஓய்வுபெற்ற செவிலியர்கள், ஒரு கல்லூரி மாணவி, எழுபத்திரண்டு வயதில் முதல் முறையாக ஊசி பிடித்த ஒரு பாட்டி.

வரும் சனி, ஞாயிறு திருப்பூர் போகலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். மலையை விட்டு இறங்கினால் அரை நாள் பயணம்கூட இல்லை. இருந்தும் ஐம்பத்து மூன்று வயது வரை அந்த ஊருக்குள் கால் வைத்ததில்லை. சென்னைக்குப் போகும் ரயிலில் ராத்திரி நேரத்தில் கடந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

இப்போது ஏன் என்றால், அந்தக் கல்லூரி மாணவிதான் காரணம். போன மாதம் வகுப்பில் தன் பனியன் சட்டையின் கீழ் விளிம்பை மடித்து, பாட்டியின் மூக்குக் கண்ணாடியை வாங்கி அதன் மேல் பிடித்தாள். "டீச்சர், இது நம்முடைய கண்தானே?" என்றாள். கண் என்றால் ஊசியில் விழும் ஒவ்வொரு நூல் வளையம். பார்த்தேன். வெளிப்பக்கம் சின்னச் சின்ன அம்பு முனைகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியது போல. உள்பக்கம் அலை அலையாக. ஒரு வரிசை நேர்ப் பின்னல், அடுத்த வரிசை எதிர்ப் பின்னல் போட்டால் என்ன வருமோ அதே துணி. அன்று இரவு பீரோவைத் திறந்து வீட்டிலிருந்த பனியன், உள்ளாடை, மகனின் பழைய சட்டை எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பதினாறு வருடமாக நான் சொல்லித் தருவதை உடம்பிலேயே போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன், ஒரு நாளும் உற்றுப் பார்த்ததில்லை.

அதனால் சட்டை வாங்க நான் வரவில்லை. அந்தக் கண்ணை மெஷின் எப்படிப் போடுகிறது என்பதை அருகில் நின்று பார்க்க வேண்டும். அதற்கு யாரைக் கேட்பது? சில்லறையாகக் கொஞ்சம் பருத்தி நூலும் வேண்டும். கம்பளி நூல் விலையில் தோட்டத்துப் பெண்களால் வாரம் ஒரு கண்டு வாங்க முடியவில்லை, அதனால் வகுப்பில் பாதி நேரம் போட்டதையே பிரித்துப் போடுகிறார்கள். இன்னொன்று, நான் தனியாக வருகிறேன். ஒரு லாட்ஜில் போனில் கேட்டேன், தனியாக வரும் பெண்களுக்கு அறை கிடையாது என்று வைத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை என்ன செய்யலாம் என்பதையும் சொல்லுங்கள்.

---

காதர்பேட்டைக் கடைக்காரர்:

வாருங்கள் டீச்சர். சனிக்கிழமை காலையிலேயே வந்து சேர்ந்துவிடுங்கள். இந்த ஊரில் வாரச் சம்பளம், அதுவும் சனிக்கிழமை. மாலையில் சம்பளத்தை வாங்கிக்கொண்டு ஊரே ரோட்டுக்கு வந்துவிடும். ஞாயிறு பெரும்பாலான கம்பெனிகளுக்கு விடுமுறை. மெஷின் ஓடுவதைப் பார்க்க வேண்டுமென்றால் சனி மதியத்துக்குள் பார்த்துவிட வேண்டும். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம், அங்கிருந்து அன்னூர், அவிநாசி வழியாகத் திருப்பூர். கோவை போய்ச் சுற்ற வேண்டாம்.

பெரிய ஏற்றுமதிக் கம்பெனி வாசலில் போய் நிற்காதீர்கள். முன் அனுமதி இல்லாமல் யாரையும் உள்ளே விட மாட்டார்கள். கூலிக்கு நூல் வாங்கித் துணி போட்டுக் கொடுக்கும் சின்ன நிட்டிங் யூனிட்டுகள் சந்துக்குச் சந்து இருக்கின்றன, நீங்கள் போக வேண்டியது அங்கே. இங்கே ஒரே கூரையின் கீழ் எல்லாமும் நடப்பது குறைவு. நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், காம்பேக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி அழுத்திக் கொடுப்பது) ஓரிடம், பிரிண்டிங் ஓரிடம், கட்டிங்கும் தையலும் இன்னோரிடம். ஒரு சட்டை சட்டையாகும் முன் டெம்போவில் பாதி ஊரைச் சுற்றிவிடும்.

இங்கே முதல் பனியன் ஆலை 1925இல் தொடங்கியது. ரொம்ப காலம் வெள்ளை பனியன், ஜட்டி மட்டும்தான். எழுபதுகளின் கடைசியில் இத்தாலிக்காரர்கள் வந்து சட்டை கேட்ட பிறகுதான் ஏற்றுமதி சூடு பிடித்தது. என் அப்பா வெள்ளைப் பனியனை டஜன் கணக்கில் சைக்கிளில் கட்டி ஸ்டேஷனுக்கு எடுத்துப் போனவர். நான் அதே ஊரில் வெளிநாட்டுக்காரர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய சரக்கை வைத்து விற்கிறேன்.

நூலுக்கு: மிச்சக் கோன்களைக் கிலோக் கணக்கில் விற்கும் கடைகள் உண்டு. எங்கள் பனியன் கடைவீதியான காதர்பேட்டைக்கு வந்து, "ஸ்டாக் லாட் நூல்" என்று கேளுங்கள். முதல் கடையிலேயே வாங்கிவிடாதீர்கள். என் கடை உட்பட, மூன்று கடையாவது ஏறி இறங்கிய பிறகு வாங்குங்கள்.

---

பவர் டேபிள்:

அக்கா, நான் தையல் பகுதியில் பதினான்கு வருடமாக வேலை செய்கிறேன். சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமம். உங்கள் கேள்வியை மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன், பக்கத்தில் இருந்தவர்களுக்கும் படித்துக் காட்டினேன்.

தங்குவதற்கு: ரயில்வே ஸ்டேஷனைச் சுற்றிக் குடும்பங்கள் தங்கும் லாட்ஜுகள் இருக்கின்றன. போனில் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். பகல் வெளிச்சத்தில் ஆதார் அட்டையோடு நேரில் போய் நில்லுங்கள், கொடுப்பார்கள். கொடுக்காவிட்டால் எனக்கு எழுதுங்கள், எங்கள் அறையில் நாங்கள் நான்கு பேர், ஐந்தாவதாக ஒரு பாய் விரிக்க இடம் உண்டு.

நீங்கள் எழுதியதில் ஒன்று எனக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் ஒரு ஸ்வெட்டரை ஆரம்பித்து நீங்களே முடிப்பீர்கள் இல்லையா? நான் தோள் மட்டும் அடிக்கிறேன் அக்கா. முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் வைத்துத் தோளைச் சேர்த்து அடுத்த மெஷினுக்குத் தள்ளுவேன். கழுத்து ஒருவர், கை ஒருவர், பக்கவாட்டு ஒருவர், கீழ் மடிப்பு ஒருவர். பதினான்கு வருடத்தில் எத்தனை ஆயிரம் தோள் என்று எனக்கே தெரியாது. ஆனால் கம்பெனியில் ஒரு முழுச் சட்டையை நான் தைத்தது கிடையாது.

ஞாயிறு எங்களுக்கு லீவு. துணி துவைத்த பிறகு வேலை ஒன்றும் இல்லை. வரும்போது இரண்டு ஊசி கூடுதலாக எடுத்து வருவீர்களா?

---

நொய்யல் கரை:

ஸ்டேஷன் பக்கம்தான் தங்கப் போகிறீர்கள் என்றால் குமரன் நினைவிடம் நடக்கும் தூரம்தான். சென்னிமலையில் கைத்தறி நெசவுக் குடும்பத்தில் பிறந்து, பிழைப்புக்காக இந்த ஊருக்கு வந்து மில்லில் வேலை பார்த்த பையன். 1932 ஜனவரியில் கொடி பிடித்து ஊர்வலம் போனபோது அடி வாங்கி, மறுநாள் இறந்தார். வயது 27. நூல் வேலை செய்யும் யாரும் ஒரு முறை அங்கே நின்றுவிட்டுப் போக வேண்டும் என்பது என் ஆசை.

நொய்யல் ஆற்றையும் பாருங்கள். அழகாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன். நான் சிறு வயதில் அதில் குளித்தவன், என் மகன் குளித்ததில்லை. சாயக் கழிவு அதை என்ன செய்தது என்று கீழே ஒரத்துப்பாளையம் அணைப் பக்கம் நிலம் வைத்திருந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் 700க்கும் மேற்பட்ட சாயப் பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவுகூட வெளியேறக் கூடாது என்ற ஏற்பாட்டோடுதான் பிறகு திறந்தார்கள். அந்த மாதங்களில் எங்கள் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. வேலையும் வேண்டும், ஆறும் வேண்டும் என்று கேட்டவர்களில் நானும் ஒருவன், இன்றும் அதைத்தான் கேட்கிறேன்.

ஞாயிறு விடியற்காலை எழ முடிந்தால் நஞ்சராயன் குளம் போங்கள். பறவைகள் சரணாலயம். 2024இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் வெளிநாட்டுப் பறவைகள் வரும்.

---

முப்பது டயா:

அம்மா, எங்களுடையது எட்டு மெஷின் உள்ள சின்ன நிட்டிங் யூனிட். சனி காலை பதினொரு மணிக்கு வாருங்கள், நானே காட்டுகிறேன். முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள், சுழலும் மெஷின். பஞ்சு பறக்கும், மூக்கைக் கட்ட ஒரு துணி எடுத்து வாருங்கள். ஒரு மெஷினை நிறுத்தி, கையால் சுற்றிக் காட்டச் சொல்கிறேன். ஓடும்போது கண்ணுக்கு ஒன்றும் பிடிபடாது.

---

குன்னூர் டீச்சர்:

திங்கள் இரவு வீடு வந்து சேர்ந்தேன். இன்று வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மேட்டுப்பாளையத்தில் இறங்கியதும் ஸ்வெட்டரைக் கழற்றிப் பைக்குள் வைத்தேன், பிறகு ஊருக்குத் திரும்பும் வரை அதை எடுக்கவில்லை. அவிநாசி தாண்டியதும் சுவர், கேட், மின்கம்பம் எல்லாவற்றிலும் ஒரே எழுத்து: டெய்லர் தேவை, செக்கிங் ஆட்கள் தேவை, அயர்ன் மாஸ்டர் தேவை. தமிழுக்குக் கீழே இந்தியிலும் எழுதியிருக்கிறார்கள். கடைக்காரர் சொன்னதைக் கேட்காமல் வழியில் ஒரு பெரிய கம்பெனி வாசலில் இறங்கிக் கேட்டுப் பார்த்தேன். காவலாளி என்னை நிழலில் நிற்கக்கூட விடவில்லை. மனம் நொந்துதான் போனது.

பதினொரு மணிக்கு யூனிட்டுக்குள் போனதும் அது மறந்துவிட்டது.

மெஷின் ஆள் உயரத்துக்கும் மேலே. நடுவில் வட்டமான இரும்புத் தொட்டி போல ஒன்று, அதன் குறுக்களவு முப்பது அங்குலம், அதைத்தான் முப்பது டயா என்கிறார்கள். சுற்றிலும் ஸ்டாண்டில் தொண்ணூறு நூல் கோன்கள். தொண்ணூறு நூலும் மேலிருந்து இறங்கி அந்த வட்டத்துக்குள் போகின்றன. கீழே துணி ஒரு குழாயாக இறங்குகிறது. வெட்டு இல்லை, தையல் இல்லை, ஒரு பெரிய காலுறை முடிவே இல்லாமல் வளர்ந்துகொண்டிருப்பது போல. மேலே விசிறிகள் சுழன்று பஞ்சை விரட்டிக்கொண்டே இருந்தன.

பிறகு ஒரு மெஷினை நிறுத்தினார்கள். ஆபரேட்டர் தம்பி, ஒடிசாவிலிருந்து வந்தவர், தமிழ் நன்றாகப் பேசினார், கைப்பிடியைப் பிடித்து மெல்லச் சுற்றினார். டார்ச் அடித்து ஒரே ஒரு ஊசியைக் காட்டினார். இதை விவரமாக எழுதுகிறேன், ஏனென்றால் இதற்காகத்தான் போனேன்.

ஊசியின் தலையில் ஒரு கொக்கி. கொக்கிக்குக் கீழே, மேலும் கீழும் ஆடுகிற ஒரு சின்ன நாக்கு. ஊசி மேலே ஏறும்போது கொக்கிக்குள் இருந்த பழைய கண், நாக்கைத் திறந்துகொண்டு ஊசியின் தண்டுக்கு இறங்கிவிடுகிறது. புது நூல் கொக்கியில் விழுகிறது. ஊசி கீழே இறங்குகிறது. இறங்கும்போது அந்தப் பழைய கண்ணே நாக்கைத் தள்ளிக் கொக்கியை மூடி, தலைக்கு மேலே வழுக்கிக் கழன்றுவிடுகிறது. புது நூல் பழைய கண்ணுக்குள்ளே வளையமாக நிற்கிறது.

என் வகுப்பில் புதிதாக வருகிறவர்களுக்கு நான் ஒரு தாளம் சொல்லிக் கொடுப்பேன்: நுழை, சுற்று, இழு, நழுவவிடு. ஊசி ஏறி இறங்கியபோது நான் அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். ஒரு சொல்கூடத் தவறவில்லை. நுழைந்தது, சுற்றியது, இழுத்தது, நழுவவிட்டது. ஊசிகளுக்கு இடையில் மெல்லிய தகடுகள் முன்னும் பின்னும் போய் வருகின்றன, சிங்கர் என்றார். அது எதற்கு என்று கேட்டேன். துணி ஊசியோடு மேலே ஏறிவிடாமல் பிடித்துக்கொள்வதற்கு என்றார். என் இடதுகை ஆள்காட்டி விரல் செய்கிற வேலை! புதிதாக வருகிறவர்களிடம் ஒரு மாதம் போராடி நான் வாங்குகிற வேலை அது.

கணக்கும் கேட்டேன். 24 கேஜ், அதாவது வட்டத்தில் அங்குலத்துக்கு 24 ஊசி, மொத்தம் 2,260 பக்கம். ஒரு சுற்று சுற்றினால் தொண்ணூறு நூலும் தொண்ணூறு வரிசை போட்டுவிடும். நிமிடத்துக்கு 25 சுற்று. நான் கைப்பையில் இருந்த பில்லின் பின்பக்கம் பெருக்கிப் பார்த்தேன். நிமிடத்துக்கு ஐம்பது லட்சம் கண்களுக்கு மேல். நான் பின்னும் முழுக்கை ஸ்வெட்டர் ஒன்றில் ஏறக்குறைய அறுபதாயிரம் கண் இருக்கும், எனக்கு ஒரு மாதம் ஆகும். இந்த மெஷினுக்கு ஒரு விநாடிகூட வேண்டாம். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன். வருத்தம் என்று சொல்ல முடியாது. ஒரு பெரிய குடும்பத்தில் இத்தனை நாள் தெரியாமல் இருந்த உறவுக்காரரைப் பார்த்தது போல இருந்தது.

யூனிட்காரர் இன்னொன்றும் சொன்னார். அன்று ஓடிக்கொண்டிருந்தது 30ஆம் நம்பர் நூல். ஒரு கிலோவைப் பிரித்து நீட்டினால் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் வரும், இங்கே ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனை கோயம்புத்தூரில் இருக்கும் என்றார்.

அப்போது அடுத்த மெஷினில் ஒரு குறை விழுந்தது. ஒரு ஊசியின் நாக்கு ஒடிந்து, துணியில் மேலிருந்து கீழாக ஏணி போல ஒரு கோடு. நம் வகுப்பில் கண் நழுவினால் வருமே, அதே ஏணி. நான் பழக்கத்தில் பையிலிருந்து குரோஷா ஊசியை எடுத்துவிட்டேன். தம்பி அதைப் பார்த்துவிட்டு, கழற்றிப் போட்ட பழைய ஊசி ஒன்றைக் கையில் எடுத்தார். ஏணியின் அடியில் நின்ற கண்ணில் கொக்கியை நுழைத்தார், மேல்படியைப் பிடித்தார், இழுத்தார், நாக்கு தானே மூடிக்கொண்டது. அடுத்த படி. அடுத்த படி. நான் குரோஷா ஊசியில் ஒவ்வொரு முறையும் கொக்கியிலிருந்து நூல் நழுவிவிடுமோ என்று பயந்து பயந்து ஏற்றுவேன். அவர் பேசிக்கொண்டே ஏற்றினார். "இதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்?" என்றேன். "முன்னால் இருந்த அண்ணன்" என்றார்.

அந்த ஊசி என் கம்பளி நூலுக்கு ரொம்பப் பொடிசு. பக்கத்துக் கட்டிடத்தில் காலர் போடும் பழைய கைமெஷின் ஒன்று இருந்தது, அதன் ஊசி சற்றுப் பெரிது. ஒதுக்கி வைத்ததில் பன்னிரண்டு ஊசி கொடுத்தார்கள். இன்று வகுப்பில் ஆளுக்கு ஒன்று கொடுத்தேன், குழந்தைகளுக்குப் பின்னும் மெல்லிய கம்பளி அதில் கச்சிதமாக உட்காருகிறது. பாட்டி தன் பங்கை வாங்கித் தாலிக்கொடியில் இருந்த ஊக்கோடு மாட்டிக்கொண்டார்.

லாட்ஜ் கிடைத்தது. மாலை குமரன் நினைவிடத்துக்குப் போய் நின்றேன். சம்பளக் கூட்டம் பக்கத்தில் போய்க்கொண்டே இருந்தது, எத்தனையோ பேர் அவரைப் போலவே பிழைப்புக்கு வந்த வயதில். ஆற்றைப் பாலத்திலிருந்து பார்த்தேன். கறுப்பாக ஓடியது. அதைப் பார்த்த பிறகு என்னால் சாய நூல் வாங்க முடியவில்லை, அரைத்த சந்தன நிறத்தில் இருக்கும் சாயமிடாத நூலாகவே நான்கு கோன் எடுத்தேன். கடைக்காரர் ஐயா, உங்கள் கடை நான் ஏறிய நான்காவது கடை, உங்களிடம்தான் வாங்கினேன், நீங்கள் யார் என்று தெரியாமலேயே. பில்லைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

யாராவது இதே போல வாங்குவதாக இருந்தால்: 30ஆம் நம்பர் நூலைத் தனியாகக் கையால் பின்ன முடியாது. பன்னிரண்டு இழை சேர்த்துக்கொண்டால் மெல்லிய குழந்தைக் கம்பளியின் பருமன் வரும். பருத்தி கம்பளியைப் போல விட்டுக்கொடுக்காது, விரல் வலிக்கும், அரை மணிக்கு ஒரு முறை கையை உதறிக்கொள்ள வேண்டும். கட்டிங் கழிவும் மூன்று கிலோ வாங்கி வந்தேன். இதை எங்கள் தோட்டத்துப் பெண்களுக்காகத் தனியாக எழுத வேண்டும், அவ்வளவு உபயோகமானது. பனியன் துணியை அகலவாக்கில் ஓர் அங்குலப் பட்டையாக வெட்டி, இரண்டு முனையையும் பிடித்து இழுங்கள். விளிம்புகள் தாமாகச் சுருண்டு பட்டை ஒரு கயிறாகிவிடும். பின்னிய துணி ஓரம் சுருளுகிறதே என்று என் மாணவிகள் பதினாறு வருடமாகப் புலம்புகிறார்கள். அந்தச் சுருளே இங்கே கயிறு திரித்துக் கொடுக்கிறது. விரல் தடிமன் ஊசியில் போட்டால் ஒரு மதியத்தில் கால்மிதி முடிந்துவிடும்.

நஞ்சராயன் குளம் போகவில்லை. விடியற்காலை எழுந்து நேராக, பவர் டேபிள் என்ற பெயரில் எழுதிய தங்கையின் அறைக்குப் போய்விட்டேன்.

நான்கு பேரும் குளித்து, அறையைக் கூட்டி, அரிசிம்பருப்பு சாதம் வைத்து எனக்காகக் காத்திருந்தார்கள். கொங்கு நாட்டுச் சமையலை வீட்டுக்கார அம்மாவிடம் கற்றார்களாம். சாப்பிட்டுவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தோம். தங்கைக்கு இருபத்து நான்கு கண் போட்டுக் கொடுத்தேன். தையல் மெஷினில் துணியை இழுத்துப் பிடித்துப் பழகிய கை, கண்ணை ரொம்ப இறுக்கியது, இரண்டாவது வரிசையில் ஊசி நுழையவே இல்லை. "தளர விடுங்கள், இங்கே யாரும் மணி பார்க்கவில்லை" என்றேன். மூன்றாவது வரிசையில் ஒரு கண் விழுந்தது. அவர் முகம் வெளிறிவிட்டது, கம்பெனியில் தப்பான பீஸ் திரும்பி வரும்போது அப்படித்தான் இருக்குமாம். நான் நூலைப் பிடித்து இழுத்தேன். வரிசை முழுவதும் சரசரவென்று பிரிந்து பழையபடி நூலாகிவிட்டது. நால்வரும் அதையே பார்த்தார்கள். தினமும் இந்தத் துணியைத் தொடுகிறவர்கள், அது இப்படிப் பிரிந்து திரும்பி நூலாகும் என்று கண்ணால் பார்த்ததில்லையாம். "அக்கா, இன்னொரு தடவை பிரியுங்கள்" என்றார் தங்கை. போட்டதையெல்லாம் பிரித்தோம். திரும்பப் போட்டோம். மூன்று மணிக்கு ஒன்பது வரிசை நின்றது. அன்று இரவும் லாட்ஜிலேயே தங்கி, திங்கள் மதியம்தான் கிளம்பினேன். அந்த மிச்ச நேரத்தில் மற்ற மூன்று பேருக்கும் கண் போட்டு வைத்தேன்.

ஒரு கோனும் இரண்டு ஜோடி ஊசியும் அங்கேயே விட்டு வந்திருக்கிறேன். தங்கையே, குளிர்காலத்துக்குள் குல்லாய் ஒன்று முடிக்க வேண்டும். ஆரம்பமும் நீங்கள், முடிவும் நீங்கள்.

---

முப்பது டயா:

அம்மா, நீங்கள் போன பிறகு தம்பி அந்த "நுழை, சுற்று" பாட்டைச் சொல்லிக்கொண்டே மெஷினுக்கு நூல் கோர்க்கிறார். அடுத்த முறை உங்கள் மாணவிகளை அழைத்து வாருங்கள். இன்டர்லாக் மெஷின் ஓடும்போது சொல்கிறேன், அதில் ஊசி இரண்டு பக்கமும் வேலை செய்யும், துணி சுருளாது.

---

பவர் டேபிள்:

அக்கா, குல்லாய்க்கு முன்னால் சதுரத்தையே பழகிக்கொண்டிருக்கிறேன். நேற்று ராத்திரியோடு பத்தொன்பது வரிசை. ஆனால் இப்போது எண்ணினால் இருபத்தாறு கண் இருக்கிறது. நீங்கள் போட்டுக் கொடுத்தது இருபத்து நான்கு. நான் எதையும் சேர்க்கவில்லை. இரண்டு எங்கிருந்து வந்தது?

---

குன்னூர் டீச்சர்:

பயப்பட வேண்டாம், எல்லோருக்கும் வருவதுதான். வரிசை முடிந்து ஊசியைத் திருப்பும்போது நூலை ஊசிக்கு மேலாகப் பின்னால் போட்டிருப்பீர்கள். அப்படி இழுத்தால் முதல் கண்ணின் இரண்டு காலும் ஊசி மேல் ஏறி இரண்டு கண் போலத் தெரியும். அதை இரண்டாகவே பின்னியிருப்பீர்கள். இரண்டு முறை நடந்திருக்கிறது. இனி ஊசியைத் திருப்பியதும் நூலை முதலில் கீழே தொங்கவிடுங்கள், முதல் கண் ஒற்றையாக இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு நூலை ஊசிக்கு அடியிலேயே பின்னால் கொண்டு போய் ஆரம்பியுங்கள்.

சதுரத்தின் இரண்டு ஓரத்தையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓரம் எங்கே வெளியே நகர்கிறதோ அந்த வரிசை வரை மட்டும் பிரியுங்கள். முழுவதையும் பிரிக்காதீர்கள், அடியில் இருக்கும் ஒன்பது வரிசை நன்றாக வந்திருக்கிறது.